இரண்டு ஓட்டைப் பட்டன்

கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஜுவேரியாவின் கடை இருக்கிறது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெயிலில்தான் நிற்க வேண்டும். பட்டன், ஹூக், லேஸ், ஜிப், நூல்கண்டு. கிழிந்த சட்டையைக் காட்டி இதே மாதிரி பட்டன் வேண்டும் என்று யார் கேட்டாலும், அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் கையை நீட்டுவாள். சுவர் முழுக்க முந்நூறு சின்ன டப்பாக்கள். எதிலும் பெயர் எழுதி ஒட்டவில்லை. எழுதாமலே எடுப்பதில் அவளுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமைக்குள் ஒரு பயமும் இருந்தது, அதை வெளியில் சொன்னதில்லை.

அவளுடைய அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயதில் மறதி ஆரம்பித்தது. முதலில் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். அப்புறம் ஒரே சாமானை இரண்டு தடவை வாங்கி வந்தாள். ஐந்தாறு வருடம் கழித்து ஒரு நாள் பாலவாக்கத்திலிருந்து பார்க்க வந்த மூத்த மகள் சகினாவை வாசலிலேயே நிறுத்தி, "யாரும்மா நீ? யாரைப் பாக்கணும்?" என்று மரியாதையாகக் கேட்டாள். அன்றைக்கு அக்காவும் தங்கையும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருத்திக்கு ஒருத்தி காவல். தினமும் சகினா போன் செய்வாள். "நேத்து இன்னாடி ஆக்கினே? அதுக்கு முந்தின நாள்?" ஜுவேரியா சொல்ல வேண்டும். பிறகு ஜுவேரியா கேட்பாள், சகினா சொல்ல வேண்டும். இப்படிப் பதினோரு வருடம் நடந்தது.

இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதம் கொரோனாவில் சகினா போய்விட்டாள். காவல் அத்தோடு நின்றது. இப்போது ஜுவேரியாவுக்கு நாற்பத்தேழு முடியப் போகிறது.

அவளுக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது. கல்லாவுக்குக் கீழே எப்போதும் ஒரு நாவல் இருக்கும். அபிராமபுரத்தில் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் சாய்நாத் என்பவர் வாடகை நூலகம் நடத்துகிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலு மணிக்கு அங்கே சிலர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இந்த வாரம் என்ன படித்தோம், எப்படி இருந்தது என்று பேசுவார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பத்ரிநாராயணன் தவறாமல் வருவார். தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் ஸ்ரீலக்ஷ்மி வருவாள். ஜுவேரியா அந்த நேரத்துக்குக் கடையை ஷரீஃபிடம் விட்டுவிட்டு வருவாள். ஷரீஃப் அவள் கணவர். கடையை ஒட்டியே தையல் மிஷின் போட்டிருக்கிறார்.

அந்த நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையின் உட்பக்கத்திலும் ஒரு தாளை ஒட்டி, இரண்டாக மடித்து வைத்திருப்பார் சாய்நாத். படித்து முடித்தவர்கள் அதில் தேதி போட்டுத் தங்கள் அபிப்பிராயத்தை எழுதலாம். பெயர் போடக் கூடாது. பெயர் போட்டால் ஆட்கள் மரியாதைக்கு எழுதுவார்கள் என்பது அவருடைய கணக்கு. பெயருக்குப் பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறி. பத்ரிநாராயணனுக்கு முக்கோணம். ஸ்ரீலக்ஷ்மிக்கு ஒரு சின்ன இலை. ஜுவேரியாவின் குறி ஒரு வட்டமும் அதற்குள் நாலு புள்ளியும். பட்டன்.  புத்தகத்தை முடிக்கும் முன்னால் மடிப்பைப் பிரிக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை மீறினால் அடுத்தவர்களுக்கு டீ வாங்கித் தர வேண்டும்.

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, சாய்நாத் ஒரு தடிமனான புத்தகத்தை அவள் முன்னால் வைத்தார். "ஏழாம் நம்பர் பம்பு" என்று பெயர். ஒரு தெருவின் அடிபம்பையும் அதைச் சுற்றி வாழ்ந்த நாலு குடும்பங்களையும் பற்றிய கதை.

"இத நீ எடுத்திருக்கியாமா?"

"இல்லண்ணே. அட்டையே இப்பதான் பாக்கறேன்."

"அப்ப எடுத்துக்கினு போ. அழுவே. கர்ச்சீஃப் வச்சுக்கோ."

அவள் அழுதாள். அந்தக் கதையில் பம்பு ரிப்பேர் செய்யும் ஒருவன் வருகிறான். தெருவில் எல்லாருக்கும் ஓடி ஓடி உதவி செய்துவிட்டுக் கடைசியில் தனியாக நிற்கிறான். வியாழக்கிழமை மதியம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பென்சிலை எடுத்தாள். பின்னட்டையைத் திருப்பி மடிப்பைப் பிரித்தாள்.

தாளில் ஏற்கெனவே அவளுடைய கையெழுத்து இருந்தது.

14-5-21 என்று தேதி. பக்கத்தில் ஒரு பட்டன். கீழே இரண்டு வரி. "இந்த ஆள் நல்லவன் நல்லவன்னு நாலு பேரு சொல்றாங்க. நல்லவனா இருந்தா எதுக்கு நாலு பேரு சொல்லணும்?"

முதலில் யாரோ அவளைப் போல எழுதியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். ஆனால் 'ந' எழுதும்போது கீழே ஒரு வால் இழுப்பது அவள் பழக்கம். வால் இருந்தது. இரண்டாவது வரியின் முடிவில் பென்சிலை அழுத்தி ஒரு புள்ளி வைப்பது அவள் பழக்கம். புள்ளி இருந்தது. தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். அழுத்தியது விரலில் தட்டுப்பட்டது. அவள் கைதான்.

புத்தகத்தின் முதல் பக்கத்துக்குப் போனாள். நடுவில் பிரித்தாள். ஒரு வரிகூட முன்பு பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு வாரமாகப் படித்திருக்கிறாள், ஒரு இடத்தில்கூட இது தெரிந்த கதையாயிற்றே என்று தோன்றவில்லை. அதைவிட மோசமாக இன்னொன்று இருந்தது. அந்த ஆளை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. தாளில் எழுதியவளுக்கு அவனைப் பிடிக்கவே இல்லை.

அந்த நேரம் ஒரு பெண் ஜாக்கெட் துணியோடு வந்தாள். "அக்கா, இதுக்கு மேட்சா ஹூக்." ஜுவேரியா பின்னால் கையை நீட்டி ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே குழந்தைச் சட்டைக்குப் போடும் யானைப் பட்டன் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. அந்தப் பெண் சிரித்தாள். ஜுவேரியாவால் சிரிக்க முடியவில்லை.

பக்கத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஷரீஃபிடம் சொல்லலாமா என்று பார்த்தாள். அம்மாவைக் கடைசி நாலு வருடம் பார்த்துக்கொண்டவர் அவர்தான், குளிப்பாட்ட மட்டும் ஜுவேரியா. அந்த முகத்தைப் பார்த்து, எனக்கும் ஆரம்பித்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

மறுநாள் காலை, நூலகத்தைத் திறக்கும் நேரத்துக்கே போய் நின்றாள். சாய்நாத் அப்போதுதான் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, வெள்ளிக்கிழம காலைல? புயல் கியல் வருதா?"

"ஒரு லிஸ்ட் எடுக்கணும்ணே. நான் இன்னா இன்னா படிச்சிருக்கேன்னு."

"எடு, எடு. உன் வயசுக்கு அது நல்ல பழக்கம்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்கு அது சுருக்கென்றது.

கார் ஷெட்டில் ஆறு இரும்பு ஷெல்ஃப். அவள் முதல் ஷெல்ஃபிலிருந்து ஆரம்பித்தாள். புத்தகத்தை எடுப்பாள், பின்னட்டையைத் திருப்புவாள், மடிப்பைப் பிரிப்பாள். நாலு புள்ளிப் பட்டன்கள் நிறைய வந்தன. அவற்றைப் பார்த்ததுமே கதை நினைவுக்கு வந்தது. இது ரயில் கார்டு கதை. இது அண்ணன் தம்பி கோர்ட் கதை. இதைப் படிக்கும்போது மழை. மனசு கொஞ்சம் ஆறியது. மூன்றாவது ஷெல்ஃபில் அது மறுபடி வந்தது. அவள் கையெழுத்து, பார்த்தே இராத புத்தகம். "கல்யாண வீட்டுல பாயசத்துக்கு ஏலக்காய் போடல. எழுதினவரு சமையல்கட்டுப் பக்கம் போனதே இல்ல." அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. "மாமியாரு சொல்றதுதான் நியாயம். யாருமே கேக்கல." இன்னொன்று. "அவ ஓடிப்போனதுக்குக் காரணம் சொல்லல. போறவங்க சொல்லிட்டா போறாங்க?"

பதினோரு மணிக்குள் பத்துப் புத்தகங்கள் கிடைத்துவிட்டன. பம்பையும் சேர்த்தால் பதினொன்று. பதினொன்றையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். வெளியே பழ வண்டிக்காரர் கத்திக்கொண்டு போனார். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஷெல்ஃப்களுக்கு நடுவில் ஒருத்தி இருப்பது போலவும், அவள் தன்னுடைய கையை இரவல் வாங்கி எழுதிவிட்டுத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருப்பது போலவும் ஜுவேரியாவுக்குத் தோன்றியது. அந்த ஒருத்திக்குக் கூர்மையான வாய். நாயகர்களை நம்பாத வாய். எங்கேயோ கேட்ட வாய். யோசித்தால் பிடிபடும் போல இருந்தது, பிடிபடவில்லை.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தாள். பதினொரு பட்டனிலும் புள்ளி நாலு இல்லை. இரண்டுதான்.

அவசரத்தில் போட்டிருப்பேன் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் பட்டன் விற்கிறவள் ஓட்டையைத் தப்பாகப் போட மாட்டாள். நாலு ஓட்டை வேறு, இரண்டு ஓட்டை வேறு. டப்பாவே வேறு.

மறுநாள் சனிக்கிழமை. போகாமல் இருக்கலாம் என்று நினைத்தாள். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்டு ஸ்ரீலக்ஷ்மி கடைக்கே வந்துவிடுவாள். போனாள்.

பத்ரிநாராயணன் வழக்கம்போல் நீளமான நோட்டை மடியில் வைத்திருந்தார். ஏழெட்டு வருடமாக யார் எந்தப் புத்தகத்தைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதை எல்லாம் அவர் அதில் எழுதி வருகிறார். தாள்களில் வரும் அபிப்பிராயங்களையும் எடுத்து எழுதிக்கொள்வார். எதற்கு என்று கேட்டால், "ஆத்துல சும்மா உக்காந்துண்டு என்ன பண்றது?" என்பார்.

"ஜுவேரியா, பம்பு எப்படி?" என்று ஆரம்பித்தார்.

"நல்லா கீது சார். அந்த ரிப்பேர்காரரு… ரொம்பப் பாவம். எனக்கு அவரைப் புடிச்சிருந்தது."

பத்ரிநாராயணன் நோட்டைப் புரட்டினார். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தார். "என்னம்மா இது? இருபத்தொண்ணுல வேற மாதிரின்னா எழுதியிருக்கேள். நல்லவன்னா எதுக்கு நாலு பேர் சொல்லணும்னு. நான்கூட அத எங்காத்துல படிச்சுக் காட்டினேன். சிரிச்சா."

"கட்சி மாறிட்டாங்க சார்," என்றார் சாய்நாத். "எலெக்‌ஷன் வருதுல்ல."

ஸ்ரீலக்ஷ்மி சிரிக்கவில்லை. அவள் மடியில் கைப்பை இருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜுவேரியா ஏதாவது சொல்லிச் சமாளிக்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "எனக்கு அந்தப் புக்கைப் படிச்சதே ஞாபகம் இல்ல சார். பதினோரு புக்கு. எல்லாத்துலயும் என் கையெழுத்து கீது. ஒண்ணுகூட ஞாபகம் இல்ல. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

 சாய்நாத் எழுந்து போய் டேபிளில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.  பத்ரிநாராயணன் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"ஒண்ணு பண்ணலாமா? நான் கேக்கறேன். தெரிஞ்சதைச் சொல்லுங்கோ. பரீட்சைன்னு நெனைக்காதேள்."

"பரீட்சைதான சார்."

"சரி, பரீட்சைதான். ரெண்டாயிரத்துப் பத்தொன்பது, பிப்ரவரி. லாரி டிரைவர் கதை. என்ன சொன்னேள்?"

"வழி எல்லாம் சாப்பாட்டைப் பத்தியே எழுதிட்டு டிரைவரை மறந்துட்டாருன்னு சொன்னேன். நீங்க கோச்சுக்கினீங்க."

"கோச்சுண்டேன். வாஸ்தவம். இருபது, நவம்பர்?"

"நர்ஸு கதை. நிவர் புயல் அடிச்ச வாரம் வந்தோம். நாலு பேரு கொடையும் அந்த மூலைல கீது. முடிவு பிடிக்கலன்னு சொன்னேன்."

அவர் இருபத்திரண்டைக் கேட்டார். இருபத்து நாலைக் கேட்டார். வேண்டுமென்றே ஒரு தடவை தப்பான கதையைச் சொல்லிக் கேட்டார். அவள் திருத்தினாள். அரை மணி நேரத்தில் முப்பதுக்கு மேல் கேட்டுவிட்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு அந்தப் பதினோரு புத்தகத்தின் தேதிகளை நோட்டில் தேடி, விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். முதல் தேதி 2021 மே பதினொன்று. கடைசித் தேதி மே இருபத்தொன்பது.

"இது மறதி இல்லேம்மா," என்றார். "மறதின்னா அங்கங்க ஓட்டை விழும். இது ஒரே இடத்துல கத்திரி வெச்சு வெட்டின மாதிரின்னா இருக்கு."

"லாக்டவுன் மூட்டை!" என்று சாய்நாத் தொடையில் தட்டினார். "பத்தாந்தேதி எல்லாம் மூடறாங்கன்னு முந்தின நாள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு மூட்டை புக்கு கட்டிக் குடுத்தேன்ல? உங்க வீட்டுக்காரருதான் சைக்கிள்ல வச்சு எடுத்துக்கினு போனாரு. ஜூலைல அவரே திருப்பிக் குடுத்தாரு. பன்னெண்டு புக்கு."

அந்த மே மாதத்தை ஜுவேரியா யோசித்தாள். அவளுக்கும் காய்ச்சல் வந்திருந்தது. மாடி அறையில் தனியாகப் படுத்திருந்தாள். உடம்பு கொதித்தது, தூங்கினாள். விழித்தபோது ஜூன் வந்திருந்தது, சகினா இல்லை. அந்த வருடம் பெருநாள் மே பதினான்காம் தேதி. அந்தப் பெருநாளே அவளுக்கு நினைவில்லை. அந்தத் தேதியில்தான் பம்பைப் பற்றி எழுதியிருக்கிறாள்.

"பதினொண்ணுதான கெடைச்சுது?" என்றாள். "பன்னெண்டாவது?"

ஸ்ரீலக்ஷ்மி கைப்பையைத் திறந்தாள். "என்கிட்ட இருக்கு ஜுவேரியா. செவ்வாக்கிழமை முடிச்சேன். தாளைப் பிரிச்சுப் பாத்தேன். உங்ககிட்டக் குடுக்கலாமா வேண்டாமான்னு நாலு நாளா இதையே சுமந்துண்டு இருக்கேன்."

"மாடியில் ஈரத்துணி" என்பது புத்தகத்தின் பெயர். ஜுவேரியா பின்னட்டையைத் திருப்பினாள். 1-6-21. இரண்டு ஓட்டைப் பட்டன். அவளுடைய 'ந', அவளுடைய புள்ளி.

"நல்லாத்தான் போவுது. கடைசி அத்தியாயம் இன்னும் கேக்கல. ஜுவே தூங்கிட்டா."

அவளை ஜுவே என்று கூப்பிட்டது இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான்.

நடந்தே கடைக்கு வந்தாள். லஸ் முனையில் சிக்னல் விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் நடுவில் இறங்கி, ஒரு ஆட்டோக்காரரிடம் திட்டு வாங்கினாள். ஷரீஃப் ஒரு பேன்ட்டைச் சுருக்கிக்கொண்டிருந்தார். புத்தகத்தின் பின்னட்டையில் தாளைப் பிரித்து மிஷினின் ஊசிக்கு முன்னால் வைத்தாள். அவர் படித்தார். காலை மிஷினிலிருந்து எடுத்தார்.

"எங்கேர்ந்து கெடைச்சுது?"

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் எழுந்தார். வெளியே நின்றிருந்த ஆளிடம், "அப்புறம் வா நைனா," என்று சொல்லி அனுப்பினார். ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"உங்கக்காவை, சகினா ஆபாவை, ஆஸ்பத்திரில சேத்தோம்ல. உள்ள யாரையும் உடல. அவங்களுக்குத்தான் படிக்கத் தெரியாது, கதை கேக்கத்தான் தெரியும். சின்ன வயசுலேர்ந்து நீதான படிச்சுக் காட்டுவே. நர்ஸம்மா போனை ஸ்பீக்கர்ல போட்டு அவங்க காதுகிட்ட வச்சிடும். நீ மாடில படுத்துக்கினு படிப்பே. நூத்திமூணு ஜுரம். வேணாம்னு சொன்னா கேக்க மாட்டே. நான் சோத்தைக் கதவாண்ட வச்சிட்டு நிப்பேன். ஆபா கத்துறது எனக்கே கேக்கும். 'அவன் அயோக்கியன்டி, எழுதிக்கோ'ன்னு. நீ எழுதுவே. தனக்கும் ஒரு பட்டன் வேணும்னு அவங்கதான் கேட்டாங்க. 'எனக்கு ரெண்டு ஓட்டை போதும், நான் சாதாரண சட்டை'ன்னாங்க."

ஜுவேரியா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எங்கேயோ கேட்ட வாய். பாயசத்தில் ஏலக்காய் இல்லை என்று சண்டைக்கு நிற்கும் வாய். எப்படித் தெரியாமல் போயிற்று?

"அப்ப எனக்கு அம்மா நோவு இல்ல?"

"இல்லவே இல்ல. ஜுரத்துல போச்சு அது. டாக்டரே சொன்னாரு, அந்த நாளெல்லாம் திரும்பி வராதுன்னு. நான்தான் உங்கிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?"

அவர் பேன்ட்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"ஆபா மௌத்தானது இருபத்திநாலாந்தேதி. கதவாண்ட நின்னு உங்கிட்ட சொன்னேன். நீ 'சரி'ன்னே. பக்கத்தைத் திருப்பினே. படிச்சே. அன்னிக்கும் படிச்சே, மறுநாளும் படிச்சே. ஆஸ்பத்திரிலேர்ந்து அவங்க சாமானைப் பையில போட்டுக் குடுத்தாங்க. அவங்க போன் இதே மிஷின் மேலதான் கெடந்துது. சார்ஜ் இல்ல, ஆஃப். மேல நீ படிக்கறே. நடுவுல நிறுத்தறே. யாரோ பேசறதைக் கேக்கற மாதிரி கம்முனு கீறே. அப்புறம் சிரிக்கறே. 'சரி ஆபா, எழுதிக்கறேன்'ங்கறே. எட்டு நாளு, ஜுவேரியா. எட்டு நாளும் நான் படியில உக்காந்து கேட்டேன். ஒண்ணாந்தேதி ஜுரம் எறங்கிச்சு. தூங்கிட்டே. எழுந்ததும், ஆபா எங்கன்னு கேட்டே. அப்பதான் நீ அழுதே. அதை இன்னான்னு சொல்லி உங்கிட்ட ஆரம்பிக்கிறது?"

அவள் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். ஜுவே தூங்கிட்டா. அவள் தூங்கிவிட்டாள் என்பதை அவள் கை எழுதியிருக்கிறது. தூங்கியவள் எப்படி எழுதுவாள்? எழுதியவள் எப்படித் தூங்கியிருப்பாள்? இதை ஷரீஃபிடம் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவரும் அதே வரியில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க அவள் கை சரியான டப்பாக்களுக்குத்தான் போனது. பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அது வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பன்னிரண்டாவது புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறது. மாடிக் கொடியில் ஒரு புடவை மட்டும் காயப்போட்டபடி இருக்கிறது. அதை எடுக்க அந்த வீட்டு மருமகள் மட்டும் திரும்பி வருகிறாள். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை ஷரீஃப் ஜும்மாவுக்குப் போனார். சந்தில் எல்லாக் கடையும் பாதி ஷட்டர். ஜுவேரியா உள்ளே விளக்கைப் போட்டாள். புத்தகத்தைப் பிரித்து, வாய்விட்டுப் படித்தாள். முதலில் குரல் வெட்கப்பட்டது. இரண்டாவது பக்கத்தில் சரியாகிவிட்டது. சகினாவுக்குப் படிக்கும்போது வரும் வேகம் அதுவாகவே வந்தது, வசனங்களுக்குக் குரல் மாற்றுவதும்கூட. மருமகள் மாடி ஏறுகிறாள். புடவை காய்ந்து விறைத்திருக்கிறது. அதை மடித்து எடுத்துக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுகிறாள். கதை முடிந்தது.

ஜுவேரியா நிறுத்தினாள். காத்திருந்தாள். டப்பாக்களில் எதுவும் அசையவில்லை. யாரும் பேசவில்லை. தூரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி மட்டும். ஏமாற்றமாக இருந்தது. அதே அளவுக்கு நிம்மதியாகவும் இருந்தது. பென்சிலை எடுத்துத் தேதி போட்டாள். வட்டம், நாலு ஓட்டை. "முடிவு மனசுக்கு எதமா இருக்கு. அவ நிம்மதியாப் போயிட்டா," என்று எழுதினாள். அழுத்திப் புள்ளி வைத்தாள்.

அப்புறம் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. கை அதற்குக் கீழே இன்னொரு வட்டம் போட்டது.

மறுநாள் சாய்நாத் புத்தகத்தைத் திரும்ப வாங்கி, பழக்கதோஷத்தில் மடிப்பைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். முதலில் நாலு ஓட்டை. பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "ரெண்டு ஓட்டை. 'புடவையை எடுத்தா, சரி. கிளிப்பை யாரு எடுக்கறது? காத்துல எவன் தலைலயாவது உழும். இவ போயிட்டா ஆச்சா?'"

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கதையில் கிளிப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பது நாலு பேருக்கும் தெரியும். இருந்தாலும் இனிமேல் அந்தப் புத்தகத்தைப் படிக்கிறவர்களுக்கு அந்தக் கிளிப் கண்ணில் படாமல் இருக்காது.

பத்ரிநாராயணன் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். எழுதாமல் அவளைப் பார்த்தார். "ஜுவேரியா, தப்பா எடுத்துக்காதேள். இது… இத எழுதினது உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு சார்," என்றாள். "நேத்து வெள்ளிக்கிழமை. மணி ஒண்ணு இருபது. லைட்டு எரிஞ்சுது, ஃபேன் ஆஃப் பண்ணியிருந்தேன். எச்.பி. பென்சிலு, முனை மொக்கை. எல்லாம் ஞாபகம் இருக்கு. எழுதினது நான்தான்."

சாய்நாத் கையில் விரிந்திருந்த தாளைப் பார்த்தாள்.

"சொன்னது நான் இல்ல."

பத்ரிநாராயணன் நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினார். மேலே ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் புள்ளி வைத்தார்.